தீம் பார்க்குக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்? டெல்டாவிலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் ரயில் டிக்கெட், வேன், தங்கும் அறை ஏற்பாடு செய்து தருவது என் தொழில். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது தொடங்கி, பள்ளி திறக்கும் வரை ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வரும்: "தீம் பார்க்குக்கு எத்தனை நாள் போடலாம்?" வலங்கைமானிலிருந்து நேரில் வருகிறவருக்கும் நாகூரிலிருந்து போனில் அழைக்கிறவருக்கும் சந்தேகம் ஒன்றுதான். சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஒரு பார்க்தானே, ஒரு நாள் போதாதா? இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

பெரும்பாலான பார்க்குகளுக்கு உள்ளே ஒரு நாள் போதும். ஆனால் வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்ப எத்தனை நாள் என்பதுதான் நமக்குக் கேள்வி. டெல்டாவுக்குள் பெரிய தீம் பார்க் கிடையாது. சென்னை, பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத் என்று எங்கே போனாலும் ஓர் இரவாவது ரயிலிலோ பஸ்ஸிலோ கழியும். அந்த இரவின் அசதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பார்க்குக்குள் எத்தனை நாள் என்று முடிவுசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. வாசல்களை எண்ணுங்கள். தனி டிக்கெட், தனி வாசல் உள்ள ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு நாள். சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவுக்கு ஒரே வாசல். தண்ணீர் விளையாட்டும் ராட்டினங்களும் ஒரே டிக்கெட்டில் அடக்கம். பெங்களூரு அருகே பிடதியில் உள்ளதும் கொச்சியில் உள்ளதும் அப்படியே. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கும் ஒரே வாசல்தான். மகாராஷ்டிரத்தில் கோப்போலி அருகே இருக்கும் இமேஜிகாவில் தீம் பார்க்குக்கு ஒரு டிக்கெட், நீர்ப் பூங்காவுக்கு இன்னொரு டிக்கெட். அங்கே இரண்டு நாள் நியாயம். அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரத்தை ஒட்டிய வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு தீம் பார்க்குகள், இரண்டு நீர்ப் பூங்காக்கள். அங்கே போகிறவர்கள் மட்டும் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பரப்பளவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாதா? ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் என்கிறார்களே, அதற்கு இரண்டு நாளாவது வேண்டாமா?

ஏக்கரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நம் ஊர்க் கணக்கில் ஒரு வேலி நிலம் ஏறக்குறைய 6.6 ஏக்கர். சிங்கப்பூர் யுனிவர்சல் மொத்தமும் சுமார் 49 ஏக்கர், அதாவது ஏழரை வேலிக்கும் குறைவு. அதற்குள் ஒரு முழு நாள் கரைந்துவிடும். ஹைதராபாத் ராமோஜி பிலிம் சிட்டி 1,666 ஏக்கர், 250 வேலிக்கு மேல். அதையும் ஒரே நாளில்தான் பெரும்பாலோர் பார்த்துத் திரும்புகிறார்கள். காரணம், அங்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ப் படப்பிடிப்பு அரங்குகளைக் காட்டுகிறார்கள். நடப்பது குறைவு, வரிசையில் நிற்பதும் குறைவு.

டிஸ்னி வேர்ல்டின் நான்கு பார்க்குகளில் பரப்பில் பெரியது அனிமல் கிங்டம். மிருகங்கள் உலவும் காட்டுவெளியும் அதில் அடக்கம். அதைப் பிற்பகலுக்குள் முடித்துவிடுகிறவர்கள் பலர். அதைவிடப் பல மடங்கு சிறிய மேஜிக் கிங்டத்தில் இரவு வாணவேடிக்கை வரை நின்றாலும் ஏதாவது விட்டுப்போகும். நேரத்தைத் தின்பது நிலம் அல்ல, வரிசை.

நாற்பது ரைடுக்கு மேல் இருக்கிறதாம். ஒரே நாளில் எல்லாவற்றிலும் ஏறிவிட முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். நம் பக்கத்துப் பார்க்குகள் பெரும்பாலும் காலை 11 மணிக்குத்தான் திறக்கும், மாலை 6 அல்லது 7 மணிக்கு முடிந்துவிடும். ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 420 நிமிடம். உடை மாற்றவும் லாக்கரில் பை வைக்கவும் அரை மணி, சாப்பாட்டுக்கு முக்கால் மணி, நடப்பதற்கும் கழிப்பறைக்கும் தண்ணீர் குடிப்பதற்கும் இன்னொரு முக்கால் மணி. மிச்சம் 300 நிமிடம். ஒரு ரைடுக்கு வரிசையும் சேர்த்து 20, 25 நிமிடம் ஆகும் சாதாரண நாளில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து ரைடு வரை ஏறலாம். கூட்ட நாளில் அதே வரிசை முக்கால் மணியானால் ஆறு, ஏழோடு நின்றுவிடும்.

அதனால் இரண்டாம் நாள் தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை. நாற்பதில் ஒரு பகுதி சின்னக் குழந்தைகளுக்கானது, ஒரு பகுதி நீங்கள் ஏற விரும்பாதது. வீட்டில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று ரைடு தேர்ந்தெடுங்கள். அவற்றை முதலில் முடித்துவிட்டால் நாள் நிறைவாகிவிடும். சென்னை வொண்டர்லாவில் தஞ்சோரா என்று நம் தஞ்சாவூரை நினைவூட்டும் பெயரில் ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. கால்கள் தொங்க, தடத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு பாயும் வகை. அதில் ஏறும் ஆசை உள்ளவர்கள் கதவு திறந்ததும் நேராக அங்கே போங்கள். உச்சி வெயிலில் தண்ணீர்ப் பக்கம் போகலாம். நீர் விளையாட்டுகளை மாலையில் மற்றவற்றுக்கு முன்பாகவே நிறுத்திவிடுவார்கள், எனவே அவற்றைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

இரவு ரயிலில் போய், பகலில் பார்க்கைப் பார்த்துவிட்டு, அன்று இரவே ரயிலேறினால் அறைச் செலவு மிச்சம்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் என்றால் சரி, போய் வாருங்கள். குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே சொல்வேன்.

உழவன் எக்ஸ்பிரஸோ மன்னை எக்ஸ்பிரஸோ, இரண்டும் விடிகிற வேளையிலோ அதற்கு முன்போ சென்னைப் பக்கம் கொண்டுவிட்டுவிடும். பார்க் திறப்பது 11 மணிக்கு. நடுவில் உள்ள ஆறேழு மணி நேரம் எங்கே போவீர்கள்? பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, கட்டண அறையில் குளித்து, ஓட்டலில் இட்லி சாப்பிட்டு வாசலுக்கு வந்து சேரும்போதே ஐந்து வயதுக் குழந்தை அழத் தொடங்கியிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு அலைக் குளத்தில் சங்கு ஒலிக்க, எல்லோரும் ஓடிவரும்போது, உங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு அப்பா தோளில் தூங்கும். அதற்குத்தான் அவ்வளவு பணம் கட்டினீர்களா?

என் யோசனை இது. பகலில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸில் கிளம்புங்கள். மாலைக்குள் செங்கல்பட்டு வட்டாரத்துக்கோ தாம்பரத்துக்கோ போய்ச் சேர்ந்து அறையெடுத்துத் தூங்குங்கள். மறுநாள் பார்க். அன்று இரவே ரயிலில் திரும்பலாம், அந்த அசதி வீட்டில் போய்த் தீரும். ஆக ஓர் இரவு அறைச் செலவு, இரண்டு நாள் பயணம். அறைக்குக் கொடுக்கும் பணம் பார்க்குக்குள் நாலைந்து மணி நேரத்தை மீட்டுத் தருகிறது.

பெங்களூரு, கொச்சி என்றால் எத்தனை நாள்?

மூன்று. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மைசூரு போகும் இரவு ரயில் விடியலில் பெங்களூருவைத் தொடும்; பிடதி அந்த மைசூரு சாலையில்தான் இருக்கிறது. இறங்கிய அன்று ஓய்வும் லால்பாக் தாவரவியல் பூங்காவும், மறுநாள் பார்க், அன்று இரவோ அடுத்த நாளோ திரும்பல். கொச்சிக்குக் காரைக்கால்–எர்ணாகுளம் ரயில் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் வழியாகவே போகிறது. அங்கேயும் அதே கணக்கு.

பார்க்கை இறங்கிய நாளில் வைக்காதீர்கள் என்பதற்கு முந்தைய பதிலில் சொன்ன காரணமே போதும்.

அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி. அழைத்துப் போவதா வேண்டாமா? அவர்களுக்காக ஒரு நாள் கூட்ட வேண்டுமா?

அழைத்துப் போங்கள். பேரப் பிள்ளை சறுக்கு மரத்தில் வழுக்கி வந்து தண்ணீரில் விழுவதைப் பார்க்கும் சந்தோஷத்தை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டாம். ஆனால் அவர்கள் எத்தனை மணி நேரம் வலியின்றி நடப்பார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குடும்பத்தில் மெதுவாக நடக்கிறவரின் கால்தான் உங்கள் நாளின் நீளத்தைத் தீர்மானிக்கும்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பயணத்துக்குச் சில வாரம் முன்பு ஸ்ரீரங்கம் போய் வாருங்கள். ஏழு பிரகாரம், 156 ஏக்கர் வளாகம். ராஜகோபுரத்திலிருந்து நடந்து, தாயார் சந்நிதி வரை பார்த்துவிட்டுத் திரும்பும்போது அம்மா எங்கே உட்காருகிறார், எவ்வளவு நேரத்தில் மறுபடி எழுகிறார் என்று கவனியுங்கள். அங்கே இரண்டு மணி நேரத்தில் களைத்தால், பார்க்கில் சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள்; பெரிய பார்க்குகளில் கிடைக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாளைக் கூட்டுவது பற்றி: ஒரு வாசல் பார்க்குக்கு அம்மாவுக்காக இரண்டாம் நாள் டிக்கெட் வாங்குவது வீண். அதற்குப் பதில் பார்க்குக்கு மறுநாளை ஓய்வு நாளாக விடுங்கள். அன்றே இரவு ரயிலில் ஏற்றி, மேல் பெர்த்தில் ஏறச் சொல்வதுதான் முழங்காலுக்குக் கொடுமை.

பையனுக்கு ஏழு வயது. உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா?

வயதை யாரும் கேட்க மாட்டார்கள், உயரத்தைத்தான் அளப்பார்கள். கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை சிறுவர் டிக்கெட். வேகமான ரைடுகள் பலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் வேண்டும். சிங்கப்பூர் யுனிவர்சலில் டிரான்ஸ்பார்மர்ஸ் ரைடுக்கு 102, மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, இரட்டைத் தடத்தில் ஓடும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 சென்டிமீட்டர்.

இது நாள் கணக்கையும் மாற்றும். பையன் 118 சென்டிமீட்டர் என்றால் பட்டியலில் பெரியவை பல தாமாகவே கழிந்துவிடும். ஒரு நாளே தாராளம். வாசலில் அளவுகோலுக்கு அடியில் நின்று, குதிகாலைத் தூக்கி, அண்ணன் மட்டும் உள்ளே போவதைப் பார்க்கும் குழந்தையின் முகத்தைத் தேற்றுவது கடினம். எதில் ஏறலாம், எதில் முடியாது என்று வீட்டிலேயே சொல்லி மனதைத் தயார் செய்துவிடுங்கள்.

எந்த மாதம் போனால் ஒரே நாளில் முடிக்கலாம்?

நம் ஊர் வாழ்க்கையே ஆற்றுத் தண்ணீரைச் சுற்றி நடக்கிறது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு. அதை அடுத்துச் சம்பா. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தை, மாசியில் அறுவடை. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்குக்கு வந்த பிறகுதான் விவசாயக் குடும்பங்களுக்குப் பயணம் பற்றிப் பேசவே தோன்றும். அது பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம். பார்க்குகளில் கூட்டம் குறைவாக இருப்பதும் அப்போதுதான். தொடக்கப் பள்ளிப் பிள்ளை என்றால் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைப் பாருங்கள். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

ஏப்ரல், மே கூட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் சனி, ஞாயிறைத் தவிருங்கள். காணும் பொங்கல் அன்று சென்னைப் பக்கம் எந்தப் பொழுதுபோக்கு இடத்துக்கும் போக வேண்டாம். ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களில் கர்நாடகத்தில் தசரா விடுமுறை, பிடதி நிரம்பி வழியும். ஓணம் வாரத்தில் கொச்சியும் அப்படியே. ஒரு நல்ல இடைவெளி சொல்கிறேன்: கர்நாடகப் பள்ளிகள் மே கடைசியிலேயே திறந்துவிடுவது வழக்கம். நம் பள்ளிகள் தாமதமாகத் திறக்கும் ஆண்டுகளில், ஜூன் முதல் வார வேலை நாட்கள் பெங்களூருக்கு அருமையான நாட்கள்.

அதிகப் பணம் கட்டி விரைவு டிக்கெட் வாங்கினால் ஒரு நாள் மிச்சமாகுமா?

இது கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்குவது மாதிரி. சாதாரண நாளில் பொது வரிசையே நகர்ந்துகொண்டிருக்கும், பணம் வீண். திருவிழா நாளில் சிறப்பு வரிசை இல்லாவிட்டால் பொழுது சாய்ந்துவிடும்.

பார்க்கிலும் அதுவே. பிப்ரவரி புதன்கிழமைக்கு வேண்டாம். மே மாதச் சனிக்கிழமையைத் தவிர வேறு நாள் கிடைக்காதவர்கள், திரும்ப வர வாய்ப்பில்லாதவர்கள், வெளிநாட்டுக்குப் போயிருப்பவர்கள் வாங்கலாம். வாங்கும் முன் அது எந்தெந்த ரைடுக்குச் செல்லும், ஒவ்வொன்றிலும் ஒரு முறையா பல முறையா என்று படித்துப் பாருங்கள். உயரம் போதாத குழந்தைக்கும் சேர்த்து வாங்கிவிட்டு வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மழை வந்தால் அந்த நாள் போய்விடுமா?

தூறலுக்கு ரைடு நிற்காது. இடி மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், வானம் தெளிந்ததும் மறுபடி ஓட்டுவார்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைப் பார்க்குக்குப் போவதானால், அறையை இரண்டு இரவுக்குப் போட்டு, பார்க் டிக்கெட்டை மட்டும் வானிலை பார்த்து முந்தைய நாள் வாங்குங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் நாள் முழுக்க உள்ளேயே இருக்கலாம் அல்லவா?

நம் நாட்டுப் பெரிய பார்க்குகள் வெளி உணவை அனுமதிப்பதில்லை. கைக்குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு உண்டு. புளியோதரையை ரயிலோடு முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே சாப்பிடும் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று முன்பே ஒதுக்கி வையுங்கள். டிஸ்னி வேர்ல்டில் என்றால் கண்ணாடிப் பாத்திரம், மது தவிர்த்து வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாம். தயிர்சாதப் பிரியர்களுக்கு நல்ல செய்தி.

உடை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். நீர் விளையாட்டுகளில் பருத்தி உடைக்கு அனுமதி இல்லை, நைலான் போன்ற செயற்கை இழைத் துணிதான் போட வேண்டும். ஊரிலேயே வாங்கிக்கொண்டு போனால் வாசலில் கடை தேடி அரை மணி போகாது.

அதே பயணத்தில் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. பார்க்குக்கு இரண்டாம் நாள் வேண்டுமா என்று தடுமாறுகிறவர்களுக்கு நான் சொல்லும் மாற்று வழியே இதுதான். திருப்போரூர் கந்தசுவாமி கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் இரண்டும் தொலைவில்லை. கோயில் உச்சிவேளையில் நடை சாத்திவிடும், பார்க் முற்பகலில்தான் திறக்கும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காமல், முதல் நாள் மாலை கோயில், மறுநாள் பார்க், மூன்றாம் நாள் காலை மாமல்லபுரம், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி, சிதம்பரம் வழியாக ஊர் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மூச்சு வாங்காது.

அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். பத்து நாள் போகிறோம். யுனிவர்சலுக்கு ஒரு நாளா, இரண்டு நாளா?

மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. திருச்சியிலிருந்து நேரடி விமானமும் இருக்கிறது. பதில்: ஒரு நாள், ஆனால் முழு நாள். செந்தோசா தீவில் 2010இல் திறந்த பார்க் அது. ஹார்பர் பிரண்ட் ரயில் நிலையத்தை ஒட்டிய விவோ சிட்டியிலிருந்து செந்தோசா ரயிலைப் பிடித்தால் வாசலருகே இறங்கலாம். திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள். இரண்டரை மணி நேர வித்தியாசம் உள்ள ஊர், அவர்களுடைய காலை 8 மணி நமக்கு விடியற்காலை ஐந்தரை. எனவே வந்திறங்கிய மறுநாளே வேண்டாம், மூன்றாம் நான்காம் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் செந்தோசாவுக்குத்தான் வேண்டும் என்றால், அதே யுனிவர்சலுக்கு மறுபடி போகாமல் பக்கத்தில் உள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கோ அட்வென்சர் கோவ் நீர்ப் பூங்காவுக்கோ போங்கள். முதல் பதிலில் சொன்ன வாசல் கணக்குப்படி அவை தனி. வயதானவர்களுக்குக் காட்சியகம்தான் பிடிக்கும். குளிர்ச்சி, உட்கார இடம், கண்ணாடிக்குப் பின்னால் மீன்கள்.

மாதம் பற்றி ஒன்று. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதமும் நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் முடியும் வரையும் நீண்ட விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு விடுமுறையான மே மாதத்தில் பெரும்பகுதி அவர்களுக்குப் பள்ளி உண்டு. அதனால் ஜூனைவிட மே மாத வேலை நாள் மேல். தொழிலாளர் தினமும் விசாக தினமும் பொது விடுமுறை, அவற்றை விட்டுவிடுங்கள். அண்ணனுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுப்பு என்றால், அவரில்லாமல் வேலை நாளில் பார்க்குக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமையை அவரோடு வீட்டிலும், லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள தேக்காவிலும் கழிப்பதே நல்லது.

மகள் அமெரிக்காவில். பேத்திக்கு நான்கு வயது. டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு நாள் டிக்கெட் போடுகிறேன் என்கிறாள். எங்கள் வயதுக்கு அது தாங்குமா?

நீர்ப் பூங்காக்களை விட்டுவிட்டால் வாசல் கணக்கு நான்கு என்பது சரிதான்: 1971இல் திறந்த மேஜிக் கிங்டம், 1982இல் எப்காட், 1989இல் ஹாலிவுட் ஸ்டுடியோஸ், 1998இல் அனிமல் கிங்டம். ஆனால் நான்கு வாசலிலும் நீங்கள் நுழைந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. நான்கு வயதுப் பேத்திக்கும் அறுபது தாண்டிய தாத்தா பாட்டிக்கும் மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம் இரண்டும் மனம் நிறையத் தரும். எப்காட்டில் ஒரு குளத்தைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கடைத்தெருக்கள். நடக்கத் தெம்பிருந்தால் ஒரு மாலை. ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பெரிய பிள்ளைகளுக்கே அதிகம் பொருந்தும். என் கணக்கில் உங்களுக்கு மூன்று பார்க் நாட்கள், நடுவில் ஒரு முழு ஓய்வு நாள். அந்த ஓய்வு நாளை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டிக்கெட் விலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு நாள் டிக்கெட்டோடு ஒப்பிட்டால், நாள் கூடக் கூட ஒரு நாளுக்கு ஆகும் விலை குறையும். அதனால் "நான்காம் நாள் கொஞ்சம்தானே அதிகம்" என்று மகளுக்குத் தோன்றும். அந்த நாளுக்கு அறை வாடகை, வண்டி, சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் கால் இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. பேத்திக்கு நான்கு ஆகிவிட்டதால் வாங்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடி மழை சகஜம், புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் போனால் காலையிலேயே நுழைந்து, மதியம் அறைக்குத் திரும்பி, மாலையில் தெம்பிருந்தால் மறுபடி போகலாம்.

மகள் கலிபோர்னியாவில் இருந்தால் ஆர்லாண்டோ வரை பறக்கவே வேண்டாம். அனாஹெய்மில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டும் இன்னொரு பார்க்கும் எதிரெதிர் வாசல்; இரண்டு நாள் போதும்.

கணவர் இரண்டு நாள் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடலாம் என்கிறார். பிறகு விலை ஏறிவிடுமாம். எடுக்கலாமா?

ஒரு வாசல் பார்க் என்றால் எடுக்காதீர்கள். முதல் நாள் மாலை வெளியே வரும்போது பிள்ளைகள் "நாளைக்கும் வேண்டும்" என்று கேட்டு, உங்கள் காலும் சம்மதித்தால், அப்போது போனிலேயே வாங்கலாம். பல வாசல் பார்க் என்றால் கணவர் சொல்வது சரி. முந்தைய பதிலில் சொன்ன விலைச் சரிவு முன்கூட்டி மொத்தமாக எடுப்பவர்களுக்குத்தான். எடுப்பதற்கு முன், தேதி மாற்றலாமா, மாற்றினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று மட்டும் பார்த்துவிடுங்கள். குழந்தைக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று யாருக்குத் தெரியும்?

தெருக்காரர்கள் இருபது பேர் சேர்ந்து வேனில் போகிறோம். இரவு கிளம்பி, பகலில் பார்க்கைப் பார்த்து, இரவே திரும்பினால் ஒரே நாளில் முடியுமே?

பணக் கணக்கில் முடியும். ஆனால் கும்பகோணத்திலிருந்து சென்னைப் பக்கம் நெடுந்தொலைவு. ஆறேழு மணி நேரம். நீங்கள் வேனில் தூங்கிக்கொண்டு போவீர்கள், பார்க்குக்குள் விளையாடுவீர்கள். டிரைவர் இரவு முழுக்க விழித்து ஓட்டி, பகலில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கண்ணயர முயன்று, மறுபடி இரவு முழுக்க ஓட்ட வேண்டும். இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் வேன் ஏற்பாடு செய்து தருவதில்லை. எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

வேன் பயணத்தில் நாளைத் தீர்மானிப்பது பார்க் அல்ல, டிரைவரின் தூக்கம். விடியற்காலையில் கிளம்பி, பிற்பகலில் சேர்ந்து, மறுநாள் பார்க், அதற்கு மறுநாள் காலையில் திரும்பல் என்று மூன்று நாள் வையுங்கள். அத்தனை நாள் முடியாது என்றால் இரண்டு டிரைவர் கேளுங்கள். இருபது பேர் பங்கிட்டால் பெரிய தொகை இல்லை. அறை போடும்போது டிரைவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் போடுங்கள், வண்டியிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.